பார்க்ரன்: ஐந்து கிலோமீட்டரும் ஓர் இளஞ்சிவப்பு மேலங்கியும்

காசு கொடுத்து வாங்கிய பொருளில் குறை இருந்தால் கேட்பதற்கு உரிமை இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் சேவையைக் குறை சொன்னால் நன்றி கெட்டவர் என்ற பெயர்தான் மிஞ்சும். பார்க்ரனைப் பற்றி எழுத இவ்வளவு நாள் தயங்கியதற்கு அதுவே காரணம். கடந்த இரண்டு ஆண்டுகளில் 81 சனிக்கிழமைகள் அங்கே போயிருக்கிறேன். அவற்றில் 57 நாட்கள் நடந்தோ ஓடியோ தூரத்தை முடித்திருக்கிறேன். 29 நாட்கள் தன்னார்வலராக வேலை பார்த்திருக்கிறேன். கூட்டிப் பார்த்துக் கணக்கு இடிக்கிறது என்று நினைப்பவர்களுக்கு: கடைசி ஆளாக நடந்து வரும் பொறுப்பை ஏற்ற ஐந்து நாட்கள் இரண்டு பக்கமும் வரவு வைக்கப்படும். ஓட்டப் பயிற்சி என்ற வகையில் பார்க்ரன் எப்படி இருக்கிறது என்பதை ஓட்டக்காரர்கள் பலர் எழுதிவிட்டார்கள். நான் பார்க்க விரும்புவது வேறொன்று. முன்பின் தெரியாத மனிதர்களுக்கு நடுவே தனியாகப் போய் நிற்கும் ஒருவருக்கு, 'இங்கே எனக்கும் ஓர் இடம் இருக்கிறது' என்ற எண்ணம் வருவதற்கு இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் துணை செய்கிறது என்பதே என் கேள்வி.

பெயரைக் கேள்விப்படாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில், அதே பூங்காவில், அதே நேரத்தில், ஐந்து கிலோமீட்டர் தூரத்தை ஓடியோ நடந்தோ கடப்பதுதான் பார்க்ரன். இங்கிலாந்தில் காலை 9 மணிக்குத் தொடங்குகிறார்கள். வெயில் சீக்கிரம் ஏறும் நாடுகளில் அதற்கும் முன்பே தொடங்கிவிடும். தமிழர்கள் கணிசமாக வாழும் சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளிலும் இது நடக்கிறது. கட்டணம் கிடையாது. ஒரே ஒரு முறை பதிவு செய்துகொண்டால் ஒரு பார்கோடு கிடைக்கும். உலகில் எந்தப் பார்க்ரனுக்குப் போனாலும் அது ஒன்றே போதும். இந்த வாரம் வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. போகாவிட்டால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. முடிவுக் கோட்டைக் கடந்ததும் வரிசை எண் கொண்ட ஒரு டோக்கனைக் கையில் தருவார்கள்; அதையும் உங்கள் பார்கோடையும் ஒரு தன்னார்வலர் ஸ்கேன் செய்வார்; அன்றைக்கே முடிவு மின்னஞ்சலில் வந்துவிடும். குழந்தைகளுக்கென்று ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டம் தனியாக நடக்கிறது. அதில் எனக்கு அனுபவம் இல்லாததால் அதைப் பற்றிப் பேசவில்லை.

இந்தச் சேவையின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அது தொடங்கிய விதத்தைப் பார்க்க வேண்டும். 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பூங்காவில் 13 பேர் ஓடினார்கள். அதற்கு ஏற்பாடு செய்த பால் சின்டன்-ஹியூவிட் அந்தப் பதின்மூன்று பேரில் ஒருவர் அல்லர். காயம் காரணமாக அவரால் அப்போது ஓட முடியவில்லை. ஓட முடியாமல் போனதோடு ஓட்டத்தால் வாய்த்த நண்பர்களும் கைவிட்டுப் போய்விடுவார்களோ என்ற நிலையில், அவர்கள் வாராவாரம் வந்து ஓடுவதற்கு ஒரு காரணத்தை அவர் உண்டாக்கினார்; தான் அதை நடத்துபவராக ஓரத்தில் நின்றுகொண்டார். எண் பொறித்த உலோக வாஷர்கள்தான் தொடக்க காலத்து டோக்கன்கள். இரண்டாவது இடமாக விம்பிள்டன் சேர்ந்தது 2007இல்தான். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே பூங்காவில், ஒரே வேலையை, பெருக்க வேண்டும் என்ற அவசரம் இல்லாமல் செய்துகொண்டிருந்த ஒரு சிறு கூட்டம் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது. ஓட முடியாத ஒருவர் மனிதர்களை இழக்காமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், இதன் விதிகள் பலவும் ஏன் அப்படி இருக்கின்றன என்பது விளங்கிவிடும்.

நான் போனதும் உடல்நலத்துக்காக அல்ல. வேலை மாற்றலில் வந்து சேர்ந்த ஊரில், வெள்ளிக்கிழமை மாலை கணினியை மூடினால் திங்கட்கிழமை காலை அதைத் திறக்கும் வரை என் குரலை நானே கேட்காத வாரங்கள் இருந்தன. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமை உணர்வால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் ஒன்று 2025 ஜூனில் அறிக்கை வெளியிட்டபோது, மீதி ஐந்து பேர் எங்கே இருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. பார்க்ரனுக்கு முன்பு நான் இரண்டு வழிகளை முயன்று பார்த்திருந்தேன். ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் ஓர் ஆண்டுக்குப் பணம் கட்டினேன். அங்கே எல்லோர் காதிலும் ஹெட்போன் இருந்தது, சுவர் முழுக்கக் கண்ணாடி இருந்தது, ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் எல்லாம் அமைக்கப்பட்டிருந்தது. குடியிருப்பு வளாகத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் சேர்ந்தேன். தண்ணீர்த் தொட்டியைப் பற்றியும் வாகனம் நிறுத்துமிடத்தைப் பற்றியும் நான்கு மாதங்கள் படித்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரரின் கோபம் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, முகம் தெரியவில்லை. இரண்டிலும் ஆட்கள் இருந்தார்கள். எனக்குச் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. இதை அப்போது நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். பின்னால்தான் புரிந்தது.

முதல் சனிக்கிழமை பார்க்ரனில் கிடைத்த வரவேற்பு குறை சொல்ல முடியாதது. புதியவர்களைத் தனியே அழைத்துப் பாதையையும் விதிகளையும் விளக்குவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருக்கிறார். பிறகு 'ரன் டைரக்டர்' எனப்படும் அன்றைய பொறுப்பாளர் எல்லோர் முன்னிலையிலும் பேசுவார்: முதல் முறை வந்தவர்களுக்குக் கைதட்டல், வேறு பூங்காக்களிலிருந்து வந்தவர்களுக்குக் கைதட்டல், 50ஆவது முறையையோ 100ஆவது முறையையோ எட்டுபவர்களுக்குக் கைதட்டல், தன்னார்வலர்களுக்குக் கைதட்டல். கைதட்டல் கொஞ்சம் அதிகம்தான். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் முதல் நாளில் பின்வரிசையில் நின்றுகொள்வது உத்தமம். ஆனாலும், பெயர் தெரியாத ஒரு நூறு பேர் கைதட்டிய பிறகு நடப்பதற்கும் சும்மா நடப்பதற்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது.

அதன்பின் ஒன்பது வாரங்கள் ஒழுங்காகப் போனேன். நடந்தேன், டோக்கனை வாங்கினேன், ஸ்கேன் செய்தேன், வீடு திரும்பினேன். நான்கைந்து முகங்கள் பழகின. பச்சைத் தொப்பிக்காரர், இரட்டைத் தள்ளுவண்டியில் குழந்தைகளைத் தள்ளிக்கொண்டு என்னை முந்திச் செல்லும் தாய், மூன்றாவது வளைவில் எப்போதும் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும் இளைஞர். தலையசைப்பு வரை வந்திருந்தேன். ஒருவர் பெயரும் தெரியாது. குறை என்னுடையதுதான், நானாகப் போய்ப் பேசியிருக்கலாம். ஆனால் தனிமையில் இருப்பவரிடம் 'நீங்களாகப் போய்ப் பேசுங்கள்' என்று சொல்வது, நீந்தத் தெரியாதவரிடம் ஆற்றைக் கடந்தால் நீச்சல் பழகும் என்று சொல்வதைப் போன்றது. வரவேற்பு என்பது வாசல் வரைக்கும்தான். உள்ளே போய் உட்கார ஒரு காரணம் வேண்டியிருக்கிறது.

பத்தாவது வாரம் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. நடக்க முடியாத நிலையில், வாராந்தர மின்னஞ்சலின் அடியில் எப்போதும் இருக்கும் 'அடுத்த வாரத்துக்குத் தன்னார்வலர்கள் தேவை' என்ற வரிக்குப் பதில் எழுதினேன். பார்கோடு ஸ்கேன் செய்யும் வேலையைக் கொடுத்தார்கள். கூடவே, பளிச்சென்ற இளஞ்சிவப்பு நிறத்தில் கையில்லாத மேலங்கி ஒன்றையும் கொடுத்தார்கள். இந்த மேலங்கியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பார்க்ரன் தரும் பொருட்களில் மிகச் சிறந்தது இதுதான் என்பது என் முடிவு.

அதை மாட்டிக்கொண்ட அடுத்த நிமிடம் ஒருவர் என்னிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டார். எனக்குத் தெரிந்திருந்தது, சொன்னேன். ஒன்பது வாரங்களில் அங்கே என்னிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. பிறகு ஒரு மணி நேரத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்டவர்களின் பார்கோடுகளை ஸ்கேன் செய்தேன். ஒவ்வொரு பார்கோடும் ஒரு பெயரோடு வருகிறது. பெயரைப் பார்த்ததும் வாய் தானாக அதைச் சொல்லிவிடுகிறது. பச்சைத் தொப்பிக்காரருக்குப் பெயர் கிடைத்தது. ஷூ கயிற்று இளைஞருக்கும் கிடைத்தது. மூச்சு வாங்க நிற்கும் மனிதரிடம் 'இன்று எப்படி இருந்தது?' என்று கேட்பதற்குத் துணிச்சல் தேவைப்படவில்லை, ஏனென்றால் அது என் வேலையின் ஒரு பகுதியாக இருந்தது. கூச்சம் என்பது பெரும்பாலும் 'நான் இங்கே எதற்கு' என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால் வருவது. மேலங்கி அந்தப் பதிலை முதுகில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. எல்லாம் முடிந்த பிறகு, கலைந்து கிடக்கும் டோக்கன்களை எண் வரிசையில் அடுக்கும் வேலை இருக்கிறது. மூன்று பேர் ஒரு மேசையைச் சுற்றி நின்று 1 முதல் 200 வரை தேடித் தேடி அடுக்கும்போது, கைகளுக்கு வேலை இருப்பதால் பேச்சில் வரும் இடைவெளிகள் உறுத்துவதில்லை. நேருக்கு நேர் உட்கார்ந்து 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று தொடங்கும் சந்திப்புகளில் ஒருநாளும் நான் சொல்லியிராத விஷயங்களை, 87ஆம் எண்ணைத் தேடிக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

நாம் தேவைப்படுகிறோம் என்ற உணர்வுக்கும் நாம் வரவேற்கப்படுகிறோம் என்ற உணர்வுக்கும் உள்ள இடைவெளியை எனக்குக் காட்டியது அந்த மேசைதான். வரவேற்கப்படும் ஆள் விருந்தாளி. வேலை கொடுக்கப்பட்ட ஆள் வீட்டு ஆள். பிரிட்டனில் பொது மருத்துவர்களின் ராயல் கல்லூரியும் பார்க்ரனும் 2018இல் சேர்ந்து தொடங்கிய திட்டத்தில், நோயாளிகளுக்கு ஓடவும் நடக்கவும் மட்டுமல்லாமல் தன்னார்வலராகப் போகவும் பரிந்துரைக்கிறார்கள். நடப்பது உடலுக்கு நல்லது என்பது எவருக்கும் தெரியும். ஓரமாக நின்று கைதட்டுவதையும் ஒரு மருத்துவர் பரிந்துரைக்கலாம் என்பதுதான் அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி.

அடுத்து, கடைசி ஆள். ஒவ்வொரு வாரமும் 'டெயில் வாக்கர்' என்ற பெயரில் ஒரு தன்னார்வலர் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவார். முன்பு 'டெயில் ரன்னர்' என்று இருந்த பெயரை, கடைசியில் வருபவர் ஓட வேண்டும் என்ற எண்ணத்தைத் தந்துவிடக் கூடாது என்று மாற்றினார்கள். முடிவுக் கோட்டைக் கடைசியாகக் கடப்பது அவர் பொறுப்பு என்பதால், பங்கேற்கும் எவரும் ஒருபோதும் கடைசியாக வர முடியாது. எவ்வளவு எளிய யோசனை என்று பாருங்கள். பின்தங்கியவருக்கு ஆறுதல் சொல்லவில்லை, தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கவில்லை. கடைசி இடத்தை ஒரு பதவியாக்கி, அதில் ஓர் ஆளை நியமித்துவிட்டார்கள். 2022 அக்டோபரிலிருந்து நடப்பவர்களுக்குத் துணையாக 'பார்க்வாக்கர்' என்ற தன்னார்வலரும் வருகிறார். இவற்றால் ஒரு விளைவு உண்டு: தொடக்க காலத்தில் விரைவாக ஓடுபவர்களே வந்த இடத்தில் இன்று சராசரி நேரம் அரை மணியைத் தாண்டிவிட்டது. ஓட்டம் நடத்தும் அமைப்பு ஒன்று, தன்னிடம் வருபவர்களின் வேகம் ஆண்டுக்கு ஆண்டு குறைவதைத் தன் வெற்றியாகக் கருதுவது வேறெங்கும் நான் காணாதது.

நான் கடைசி ஆளாக நடந்த ஒரு நாளில் அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணியோடு சேர்ந்து வந்தேன். கணவர் இறந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன என்பதை நான்காவது கிலோமீட்டரில் சொன்னார். அதற்கு முந்தைய மூன்று கிலோமீட்டர்களும் பூங்காவின் வாத்துகளைப் பற்றியும் அவருடைய பழைய வேலையைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தோம். நாங்கள் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நேரம் குறிப்பவர்கள் இருவரும் கையில் ஸ்டாப்வாட்சோடு காத்திருந்தார்கள்; முடிவுக் கோட்டின் இருபுறமும் உள்ள கூம்புகளை ஒருவரும் தொட்டிருக்கவில்லை. அவர் கையில் டோக்கன் வைக்கப்பட்டது, முதலில் வந்தவருக்கு வைக்கப்பட்டதைப் போலவே. நேர வரம்பு எதுவும் கிடையாது என்று அறிவிப்பது எளிது. மழைத் தூறலில் அதற்காகக் காத்திருக்க ஆள் வைப்பது எளிதல்ல.

விதிகளில் கறாராக இருப்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. பார்கோடு கொண்டுவராவிட்டால் அன்றைய நேரம் உங்கள் கணக்கில் பதிவாகாது. இப்போது கைபேசியில் காட்டினாலும் ஏற்றுக்கொள்கிறார்கள் என்றாலும், பெயரைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றால் நடக்காது. என் மிகச் சிறந்த நேரம் பதிவாகியிருக்க வேண்டிய நாளில் கைபேசியைக் காரில் விட்டுவிட்டு வந்து, தெரிந்தவர்தானே என்று ஸ்கேன் செய்பவரிடம் கெஞ்சிப் பார்த்தேன். சிரித்தாரே தவிர அசையவில்லை. அப்போது எரிச்சல் வந்தது. யோசித்தால், தெரிந்தவருக்கு ஒரு நியாயம் தெரியாதவருக்கு ஒரு நியாயம் என்று தொடங்கும் நாளில்தான் ஒரு கூட்டம் உள்வட்டமாகவும் வெளிவட்டமாகவும் பிளக்கிறது. பழையவர்களுக்கும் புதியவர்களுக்கும் ஒரே விதி என்பது புதியவர்களுக்குச் செய்யும் மரியாதை.

இனி, குறைகள்.

முதல் குறை ஆழம். இங்கே கிடைப்பது பெரும்பாலும் அறிமுகம்; நட்பு அல்ல. அறிமுகத்தை நான் இழிவாகச் சொல்லவில்லை. நெருங்கிய உறவுகளைவிட மேலோட்டமான தொடர்புகளே புதிய செய்திகளையும் வேலைவாய்ப்புகளையும் நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கின்றன என்று சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இலேயே எழுதினார். அது உண்மைதான், எனக்கு நல்ல பல் மருத்துவரைச் சொன்னவர் பச்சைத் தொப்பிக்காரர். ஆனால் இரவு பதினொரு மணிக்குக் காய்ச்சல் என்றால் அழைக்கும் எண் வேறு. அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று கண்டார். பார்க்ரனில் நடந்துவிட்டு வீடு திரும்புபவர் ஒரு குறிப்பிட்ட மனிதரோடு வாரத்துக்கு இருபது நிமிடங்கள் பேசினால் அதிகம். அந்தக் கணக்கில் 50 மணி நேரம் சேர 150 வாரங்கள், கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் ஆகும். தன்னார்வலராக நின்று, மேசையைச் சுற்றி டோக்கன் அடுக்கி, பிறகு எங்காவது உட்கார்ந்து பேசிவிட்டுப் போனால் ஒன்றரை மணி நேரம். 33 வாரங்களில் அதே இடத்துக்கு வந்துவிடலாம். ஆக, இந்தச் சேவையிலிருந்து மனிதர்களைப் பெற விரும்புபவர் ஐந்து கிலோமீட்டரோடு நிறுத்திக்கொண்டால் ஏமாந்துபோவார். இதைப் பார்க்ரன் புதியவர்களிடம் இன்னும் வெளிப்படையாகச் சொல்லலாம். தன்னார்வலர் வேலையை உதவி கேட்கும் தொனியில்தான் அறிவிக்கிறார்கள்; அது தங்களிடம் உள்ள மிக நல்ல சரக்கு என்பதை அவர்களே உணர்ந்திருக்கிறார்களா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

இரண்டாவது, சனிக்கிழமை காலை. மாறாத நேரம் என்பதே இதன் பலம். எந்த வாரமும் யோசிக்காமல் கிளம்பலாம், யாரையும் ஒருங்கிணைக்க வேண்டியதில்லை. ஆனால் கடைகளிலும் மருத்துவமனைகளிலும் சனிக்கிழமை வேலை பார்ப்பவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவரைக் கவனித்துக்கொள்பவர்கள், அன்றைக்கு வழிபாட்டுக் கடமை உள்ளவர்கள் ஆகியோர் முற்றிலும் வெளியே நிற்கிறார்கள். தனிமையில் வாடுபவர்களின் பட்டியலைப் போட்டால் இவர்களில் பலர் அதில் முன்வரிசையில் இருப்பார்கள். இதற்கு என்னிடம் தீர்வு இல்லை. பல நாட்களில் நடத்தினால் கூட்டம் சிதறி, ஒரே முகங்களை மீண்டும் மீண்டும் பார்க்கும் பயன் போய்விடும். பாதையும் அப்படித்தான். சக்கர நாற்காலி செல்லும் பாதை எல்லாப் பூங்காவிலும் அமைவதில்லை.

மூன்றாவது, பேச்சு. ஓட்டக்காரர்கள் கூடும் இடத்தில் பேச்சு நேரத்தைச் சுற்றியே வட்டமிடும். கணுக்கால், முழங்கால், ஷூவின் அடிப்பகுதி ஆகியவற்றைக் கடந்து போக எனக்கு மூன்று மாதங்கள் பிடித்தன. இது பெரிய குறை அல்ல. எந்தக் கூட்டத்துக்கும் ஒரு தொடக்கப் பேச்சு வேண்டும்தான்.

நான்காவது குறையைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் இதில் நானும் அடக்கம். தன்னார்வலர் வேலை சுற்றிச் சுற்றி ஒரு சிலர் மீதே விழும் போக்கு எந்த இலவச ஏற்பாட்டிலும் உண்டு. பார்க்ரனும் அதற்கு விலக்காக முடியாது. வேலை செய்பவர்களுக்குள் நெருக்கம் கூடக் கூட, அவர்களுக்குள் ஒரு கேலிப் பேச்சும் சுருக்குச் சொற்களும் உண்டாகிவிடுகின்றன. எனக்கு இடம் கொடுத்த அதே மேசை, அடுத்து வருபவருக்கு ஒரு சுவராகத் தெரியலாம். ஒருமுறை புதிதாக வந்த ஒருவர் டோக்கன் அடுக்க உதவட்டுமா என்று கேட்டபோது, 'பரவாயில்லை, நாங்களே முடித்துவிடுவோம்' என்று நான்தான் சொன்னேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவரைத் தேடினேன், காணவில்லை. ஒருவரைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று நினைத்து அவருக்கு உரிய இடத்தை மறுத்துவிடுவது எவ்வளவு எளிது என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நிர்வாகத்தின் முடிவுகளில் இரண்டைப் பற்றிச் சொல்லலாம். 2024 பிப்ரவரியில், ஒவ்வொரு பூங்காவின் வேகச் சாதனைகள் போன்ற பட்டியல்களை இணையதளத்திலிருந்து நீக்கினார்கள். புதியவர்கள் அவற்றைப் பார்த்துப் பின்வாங்கிவிடக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். வேகமாக ஓடுபவர்கள் பலர் கொதித்தார்கள். நான் மெதுவாகப் போகிறவன் என்றாலும் கொதித்தவர்கள் பக்கமும் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். ஒருவரை உள்ளே கொண்டுவர இன்னொருவரின் பெருமையைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டுமா என்பது எளிதில் தீரும் கேள்வி அல்ல. என் அனுபவத்தில், முதல் நாள் என்னை அச்சுறுத்தியது சாதனைப் பட்டியல் அல்ல, யாரையும் தெரியாது என்பதுதான். அதற்கான மருந்து டெயில் வாக்கரிடமும் மேலங்கியிடமும் ஏற்கெனவே இருந்தது.

மற்றொன்று காசு. 2016இல் இங்கிலாந்தின் லிட்டில் ஸ்டோக் என்ற இடத்தில், பூங்காப் பராமரிப்புக்காகப் பார்க்ரன் பணம் தர வேண்டும் என்று அப்பகுதி மன்றம் வாக்களித்தது. பார்க்ரன் அதற்கு இணங்காமல் அந்த இடத்தில் நிகழ்வையே நிறுத்திக்கொண்டது. பாதை தேய்கிறது, அதைச் செப்பனிடப் பணம் வேண்டும் என்ற மன்றத்தின் வாதத்தை முழுதாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் பார்க்ரன் எடுத்த நிலைப்பாட்டை நான் ஆதரிக்கிறேன். சிறு தொகையாக இருந்தாலும் கட்டணம் என்று ஒன்று வந்துவிட்டால் அங்கே வாடிக்கையாளர் தோன்றிவிடுவார். வாடிக்கையாளர் டோக்கன் அடுக்க மாட்டார். நான் பணம் கட்டிய உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தி வைக்க எனக்குத் தோன்றியதில்லை.

இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2017 நவம்பரில் இங்கிலாந்தின் ஹேவரிக் சிறைக்குள் ஒரு பார்க்ரன் தொடங்கப்பட்டது; பிறகு வேறு சிறைகளிலும் தொடங்கினார்கள். அங்கேயும் அதே ஐந்து கிலோமீட்டர்தான், அதே பார்கோடுதான். உள்ளே ஓடியவர் விடுதலையான பிறகு, அதே பார்கோடை எடுத்துக்கொண்டு எந்தப் பூங்காவுக்கும் போகலாம். ஊர் திரும்பும் ஒருவருக்கு, கடந்த காலத்தை விசாரிக்காமல் 'உங்கள் 31ஆவது முறையா?' என்று மட்டும் கேட்கும் ஓர் இடம் இருப்பது சிறிய விஷயமாக எனக்குப் படவில்லை.

யாருக்கு ஏற்றது? புதிதாக ஓர் ஊருக்குக் குடிவந்தவர், ஓய்வு பெற்றவர், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், உறவு ஒன்றை இழந்து வீட்டுக்குள்ளேயே கிடப்பவர் ஆகியோருக்குத் தயங்காமல் சொல்வேன். ஓடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதல் மாதத்திலேயே நண்பர்கள் வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கும், ஆழமான உரையாடலைத் தேடுபவர்களுக்கும் ஒரு வாசிப்பு வட்டமோ இசைக் குழுவோ அதிகம் பொருந்தலாம்.

போக நினைப்பவர்கள் முதல் வாரம் நடந்து பாருங்கள். மூன்றாவது வாரத்துக்குள் ஒரு நாள் தன்னார்வலராகப் பெயர் கொடுத்துவிடுங்கள். என்னைப் போல் கணுக்கால் சுளுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். நேரம் குறிக்கும் வேலையை முதலில் கேட்காதீர்கள், பதற்றம் தரும். வளைவில் நின்று வழிகாட்டும் மார்ஷல் வேலை தனிமையானது. ஸ்கேன் செய்வதும் டோக்கன் தருவதும்தான் புதியவர்களுக்கு உகந்தவை. பார்கோடை அச்சிட்டு ஒரு பிரதியைக் காரிலும் ஒரு பிரதியைப் பையிலும் போட்டு வையுங்கள். டோக்கனை மட்டும் ஞாபகமறதியில் வீட்டுக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். எங்கள் பூங்காவில் 143ஆம் எண் காணாமல் போய் மூன்று வாரங்கள் ஆகின்றன, ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் நால்வர் மேசைக்கு அடியில் குனிந்து அதைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.